பாலிஷ் பிரஷ்

இந்தக் காலத்து முதலாளிகளுக்கு மிஷின் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை, சல்லிசாக முடிந்தால் போதும் என்று முணுமுணுத்தபடி ராயப்பேட்டை அச்சகத்துக்குள் நிற்கிறார் மெக்கானிக் ஏகாம்பரம். மழை ஈரத்தில் காலண்டர் தாள்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு மிஷினுக்குள் போகின்றன. பம்பாயிலிருந்து புது பாகம் வராமல் ஆகாது என்று நேற்று கையை விரித்தவர் அவர்தான். இன்று வேறொரு மெக்கானிக், அப்துல் சமத்தைக் கூட்டிவந்துவிட்டார்கள். அவன் பூட்ஸ் துடைக்கிற புது பிரஷ் ஒன்றைத் தாள்கட்டின் ஓரத்தில் சணலால் கட்டுகிறான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மேல்தாள் வழுக்கிப் போகிறது. ஒட்டிவரும் அடுத்ததை பிரஷ் முடி பிடித்து நிறுத்துகிறது. தடக் தடக்கென்று ஒவ்வொன்றாக ஓடும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க ஏகாம்பரத்துக்கு வயிறு எரிகிறது.

"இன்னா பாய், செருப்புக் கடை வைக்கப் போறியா?"

"ஓடிக்கினு கீதுல்ல நைனா, அப்புறம் இன்னா?"

முதலாளி சிரிக்கிறார். "இனிமே மிஷின்னா பாயைத்தான் கூப்புடணும்" என்று முதல் டீயைச் சமத்திடம் நீட்டுகிறார். ஏகாம்பரம் அச்சான தாள் ஒன்றை எடுத்து, விளிம்பில் கீறல் தெரியாதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒன்றுமில்லை.

"முடி தேயட்டும், அப்ப தெரியும் சேதி" என்று தாளைப் போட்டுவிட்டு, குடையை விரிக்காமலே மழையில் இறங்கி நடக்கிறார்.