தார்ப்பாய்க்குள் ஒரு ஏசி

கடலோர வீடொன்றில், வெளியூர் மகன் பேரப்பிள்ளையோடு வரும்போது போடலாம் என்று ஒரு ஏசியைச் சாமிப் படம்போல் துடைத்து, உறை போட்டு வைத்திருந்தார்கள். மாடியில் இருந்த அதன் வெளிப்பெட்டிக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"நம்ம ஊர் உப்புக்காத்துக்கு மூடியே கிடந்தா ஆகாது தம்பி, அப்பப்ப ஓடணும்" என்று ஏசியிடம் சொன்னது அதே அறையின் மின்விசிறி.

"உங்களைப்போல தினமும் சுத்திக் கறுத்துப்போகச் சொல்றீங்களா? நான் பேரப்பிள்ளைக்காக இருக்கேன் அண்ணே."

கோடையில் மகன் கைக்குழந்தையோடு வந்தான். ஏசி முக்கிமுக்கிப் பார்த்தும் குளிர்ச்சி வரவில்லை. மெக்கானிக் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே தேங்கிய ஈரத்தில் செம்புக்குழாய் அரித்து, கேஸ் முழுவதும் போயிருந்தது.

குழந்தை புழுக்கத்தில் வீறிட்டது. மகன் விசிறியைப் போட்டான்.

வெகுநேரம் கழித்து ஏசி கேட்டது: "அண்ணே, பிள்ளை தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான், மெல்லப் பேசு" என்றது விசிறி, தன் கிறீச்சொலியை அடக்கிக்கொண்டு.