கதவிடுக்கில் எலுமிச்சை

குளியலறைக் கதவுக்கு வெளியே தங்கை நிற்கிறாள். புது சோப்பு சுற்றியிருந்த காகிதத்தை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். விரல்களில் எலுமிச்சை மணக்கிறது. உள்ளே குழாய் கொட்டுகிறது. வேலை போனதிலிருந்து அக்கா குளிப்பதில்லை. நேற்றும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். காய்ந்த தலையோடு வெளியே வந்து, குளித்துவிட்டேன் என்றாள். இப்போதும் வாளி நிரம்பி வழிகிற சத்தம்தான் கேட்கிறது. மொண்டு ஊற்றுகிற சத்தம் இல்லை.

“அக்கா, தொட்டியைக் காலி பண்ணிடாத. நானும் மனுஷிதான், குளிக்கணும்.”

தங்கை கதவை விரலால் தட்டுகிறாள்.

“புது சோப்புக்கா. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை.”

“வாசல்ல நின்னு உயிரை வாங்காதடி. போ.”

தங்கை போகவில்லை. குழாய் நிற்கிறது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் தாழ்ப்பாளைப் பார்க்கிறாள், பல்பைப் பார்க்கிறாள், தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் முகத்தைக் கொண்டுபோகிறாள். ஈரக் காற்றோடு எலுமிச்சை வாசனை வருகிறது. தன் விரல் வாசனைதானோ என்று சந்தேகம். காகிதத்தைத் தூர எறிகிறாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி மூச்சை இழுக்கிறாள்.

இப்போது வாசனை கூடியிருக்கிறது. நுரைத்த சோப்பின் வாசனை.