முந்திரியும் இல்லை, உப்பும் இல்லை

இதை விழுங்கினால் இன்றோடு குடும்பத்தில் நிம்மதி போயிற்று என்று அந்தோணிமுத்துவுக்குத் தெரியும். இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாயில் போட்டார்.

ஈப்போவில் சிலிபின் பங்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இடது ஓரத்தில் மனைவி ட்ரேசி, வலது ஓரத்தில் அக்கா ஜோன். நடுவில் இருந்த நாற்காலிகளில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மேசையில் இருந்தது விஷமில்லை, சாக்லேட் ஃபட்ஜ். கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு கோயிலில் பலகாரப் போட்டி. கேக்குக்கும் முறுக்குக்கும் தட்டு வைக்க இடமில்லை. ஃபட்ஜுக்கு மட்டும் மூன்றே தட்டு. பாலும் சீனியும் வெண்ணெயும் கொக்கோவும் சேர்த்துக் காய்ச்சும்போது ஒரு கொதி கூடினால் கல், ஒரு கொதி குறைந்தால் கஞ்சி. அதிலும் ஈப்போ மழைக்காலத்தில் அது லேசில் இறுகாது.

அக்காவுடையது, தோட்டத்துத் துரை பங்களாவில் சமைத்த அம்மாவிடம் கற்ற பக்குவம். ட்ரேசி கற்றது கைப்பேசியில். எது அசல் ஃபட்ஜ் என்று போன கிறிஸ்மஸுக்குத் தொடங்கிய பேச்சு, ஈஸ்டருக்குள் பேச்சுவார்த்தையே இல்லாமல் முடிந்திருந்தது.

நடுவராக வர வேண்டிய ஹோட்டல் சமையல்காரர் சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார். ஃபாதர் உடனே அந்தோணிமுத்துவை அழைத்தார். இந்தப் பங்கிலேயே பொய் சொல்லத் தெரியாத ஆள் நீங்கள்தான் என்றார்.

"சுசாலா ஃபாதர், ரொம்பக் கஷ்டம், எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது" என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். தட்டில் பெயர் வெளியே தெரியாது, எண் மட்டும்தான் தெரியும் என்று தைரியம் சொல்லிவிட்டு ஃபாதர் போனை வைத்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னபோது ட்ரேசி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். மேசைமேல் அவள் செய்த ஃபட்ஜ் அழகாக இறுகி, துண்டு போட்டு ஆறிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும், கடைக்குப் போய் இன்னும் இரண்டு டின் பாலும் வெண்ணெயும் வாங்கி வரச் சொன்னாள். கையில் கரண்டியோடு நிற்கும் மனைவியிடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது காதோரம் வந்து சொன்னாள். "முந்திரி போட்டதுதான் நம்மளோடது. மறந்துடாதீங்க."

கோயில் வாசலில் அக்கா பிடித்துக்கொண்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்ததில் தொடங்கி, அவருக்கு அம்மை போட்டபோது வேப்பிலை தேடி அலைந்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"என்னோடதுல மேல உப்பு தூவியிருக்கு முத்து. பொண்டாட்டி பக்கம் சாஞ்சேன்னு வை, இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்லா."

அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

இப்போது முதல் தட்டில் முந்திரி பல்லில் கடிபட்டதும் அவசரமாக விழுங்கினார். தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது தட்டுக்குப் போனார். நாக்கில் உப்பு பட்டதும் அக்கா பக்கம் திரும்பாமல் மென்றார். கொடுமை என்னவென்றால் இரண்டுமே அருமையாக இருந்தன.

மூன்றாவதில் முந்திரியும் இல்லை, உப்பும் இல்லை. அவசரத்தில் அடுப்பைவிட்டு இறக்கியதுபோல் கொஞ்சம் இளகலாக இருந்தது, விரலில் ஒட்டியது. மற்ற இரண்டோடு பார்த்தால் ஒரு படி மட்டம்தான்.

அந்தோணிமுத்து பீடம் இருந்த திசையைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய் சொன்னார்.

"மூணாவது தட்டுதான் ஃபாதர். அடிச்சிக்க ஆளில்ல."

மண்டபம் கைதட்டியது. அவர் பயந்தபடியே வலது பக்கம் பார்த்தார். அக்கா உதட்டைச் சுழித்தாள், அவ்வளவுதான். இடது பக்கம் ட்ரேசி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே தோற்றுவிட்டார்கள். இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பொறாமை இல்லை. ஒருவேளை சேர்ந்து உட்கார்ந்து அவரைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே சமாதானமும் ஆகிவிடுவார்கள்.

தன்னைக் காப்பாற்றிய அந்தப் புண்ணியவதி யாராக இருந்தாலும், அவள் குடும்பத்துக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்வதாக அவர் அங்கேயே வேண்டிக்கொண்டார். அவள் எழுந்து வருவதைப் பார்க்கப் பின்வரிசை வரை கண்ணை ஓட்டினார். ஒருவரும் எழவில்லை.

ஃபாதர் தட்டைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார். ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்குள் முன்வரிசையில் ட்ரேசி எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மேடையை நோக்கி நடந்து வந்தாள். வலது ஓரத்தில் அக்காவின் நாற்காலி தரையில் கரகரவென்று உரசியது.

பரிசுக் கூடையை அந்தோணிமுத்து ட்ரேசியிடம் நீட்டினார். அப்படியானால் அந்த முந்திரித் தட்டு யாருடையது என்று அவள் காதோரம் கேட்டார்.

ட்ரேசி கூடையை வாங்கி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்.

"அதுவும் என்னோடதுதான். நீங்க பயந்துபோய் மூணாவதுக்குத் தாவுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"