கன்னம் நிறைக்கும் ஃபிரேம்

தோஹாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் என் பவர் கண்ணாடிக்கு அந்த ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அதைப் போட்டுக்கொண்டால் நேரிலும் போனிலும் பார்ப்பவருக்கு ஒட்டிய கன்னம் நிறைந்து தெரியும். கண்ணுக்குக் கீழே கருப்பு தெரியாது. வீட்டுக்கு வீடியோ கால் போடும்போது இங்கே எல்லோரும் அதைத்தான் போடுவார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை என் மனைவி பிரகாசியிடம் சொன்னேன். "உடம்பு முடியலடி. பதினோரு கிலோ எறங்கிட்டேன். வேலைய விட்டுட்டு வந்துருதேன்."

அவள் சிரித்தாள். "புதுமாப்பிள்ள கணக்கா மினுமினுன்னு இருந்துக்கிட்டு சொல்லுத பொய்யப் பாரு! நம்ம வீட்டு மாடி எழும்பட்டும். இன்னும் ரெண்டு வருசம் இருங்க."

"சத்தியமா சொல்லுதேன்."

"போன மாசத்துக்கு இப்ப ஒரு சுத்து பெருத்திருக்கீங்க."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கண்ணாடியைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன். "இப்பப் பாருடி! நல்லாப் பாரு!"

கண்ணாடி இல்லாமல் திரையில் அவள் வெறும் மங்கலாகத்தான் தெரிந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தன மாசமா இப்படி?"

"ஏழு."

"ஏழு மாசமா எவன்கிட்டய்யா நான் பேசிக்கிட்டு இருந்தேன்?" என்று கத்தினாள்.

எந்த முகத்தோடு கத்துகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.