கலியாணச் சட்டையின் விலாத் தையல்

என் புருஷன் சிமியோனின் பூட்டி ஆயிரத்து எண்ணூறுகளில் தன் கையால் ரேந்தைப் பின்னல் வைத்துத் தைத்த சட்டை அது. குருநகரில் எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலில் தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். துணியில் கத்தரிக்கோல் படக்கூடாது. விலாத் தையலைப் பிரித்து அளவாக்கலாம். மகள் கத்தரீனாவுக்கு அது இறுக்கம். கலியாணமோ இந்தச் சனிக்கிழமை.

நான் தையலைப் பிரித்து வைப்பேன். விடியப் பார்த்தால் அது பழைய இறுக்கத்திலேயே, பூட்டியின் அதே பொடித் தையலாகத் தைபட்டுக் கிடக்கும். நான் பிரித்தெடுத்த நூல் தீப்பெட்டிக்குள் அப்படியே இருக்கும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் நூல்கட்டைக்கும் தட்டுப்பாடான நேரத்தில் யாருக்கு இந்தக் கொழுப்பு?

“பிள்ளை, நீயோ தைச்சனீ?”

“நான் ஏனம்மா தைக்கிறன்? அதைப் போட்டா எனக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பின்னேரம் மறுபடியும் பிரித்தேன். வீட்டிலிருந்த ஊசி, நூல் எல்லாவற்றையும் பிஸ்கற் பேணிக்குள் போட்டு, கடலுக்குப் புறப்பட்ட சிமியோனிடம் நீட்டினேன்.

“இஞ்சாருங்கோ, இதை வள்ளத்திலை கொண்டு போங்கோ. ஊசியில்லாமல் எப்பிடித் தைக்கினமெண்டு பாப்பம்.”

“உனக்கென்ன விசரே?” என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் சட்டை தைபட்டுக் கிடந்தது. அதே பொடித் தையல், ஆனால் சிமியோன் வள்ளத்தில் வைத்து வலை பொத்தும் பச்சை நைலோன் நூலால். விலாப்பக்கம் நனைந்து கடல் மணத்தது. கத்தரீனா போட்டுப் பார்த்தாள். இந்த முறை அளவு சரி.

விடியமுன் வந்துவிடும் சிமியோனின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை.