முள் இறங்கிய காலை

"மோட்டாரை நிறுத்துங்கம்மா. ஊர்ல ஒரு ஈ காக்கா கூட இல்ல. யாருக்காக ஓட்டுறீங்க?" என்றார் முகாம் அதிகாரி, கையில் உத்தரவோடு.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் தொட்டியின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் கண் ஆக்சிஜன் மீட்டரின் முள்ளிலேயே இருந்தது.

மேலே அணையில் விரிசல் விட்டு ஊரே காலியாகி முகாமுக்குப் போய் நாற்பது நாளாகிறது. விரிசலை அடைத்தாகிவிட்டது. ஊர் திரும்பலாம் என்ற உத்தரவுதான் வந்தபாடில்லை.

அவள் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். மோட்டார் காற்று ஊதும் தொட்டியில் கோடானுகோடி பாக்டீரியாக்கள். ஊர் அனுப்பும் அழுக்குதான் அவற்றுக்குச் சோறு. சோறில்லாமலோ காற்றில்லாமலோ செத்துப்போனால் மறுபடி வளர மூன்று மாதம். அதுவரை சாக்கடை அப்படியே குடிநீர் ஏரியில்தான் போய் விழும்.

அதனால் சர்க்கரை கரைத்து ஊற்றினாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படி வேளாவேளைக்கு ஊட்டியதில்லை என்று கணவன் போனில் கிண்டல் செய்தான். முந்தாநாள் சர்க்கரையும் தீர்ந்தது. தின்ன ஒன்றும் இல்லையென்றால் காற்றும் செலவாகாது. முள் ஆறிலேயே நின்றுவிட்டது.

இப்போது அது இறங்குகிறது. ஐந்து. நாலரை.

மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்தாள். சென்சாரைக் கழுவித் துடைத்து மறுபடி தொட்டியில் இறக்கினாள்.

நான்கு. மூன்று.

தின்கின்றன! நாற்பது நாள் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த அத்தனையும் எழுந்து உட்கார்ந்து தின்கின்றன. அவளுக்கு மெய்சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாததுகள் ஓர் இரும்பு முள்ளைப் பிடித்துக் கீழே இழுக்கின்றன.

நுழைவாய்க்காலுக்கு ஓடினாள். அதிகாரியும் பின்னாலேயே வந்தார். நேற்றுவரை வறண்டு கிடந்த வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே சோப்பு நுரை.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஒரு கொடியிலும் துணி இல்லை. எதிர்த் தெரு வாசல்களில் பூட்டு அப்படியே தொங்கியது.

பின்வாசல் வழியாக, விளக்குப் போடாமல், பக்கத்து வீட்டுக்கும் தெரியாமல், தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, ஊர் மொத்தமும் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. தொட்டிக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கிறது.

"ஆறாயிரம் பேராவது வந்திருக்காங்க, சார்," என்றாள் அவள்.

அதிகாரி நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரும் இந்த ஊர்க்காரர்தான். முகாமில் தலைக்குக் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் கிடையாது.

அவர் தலைமுடி இன்னும் காயவில்லை.