மாப்பிள்ளை மாட்டிய ஃபில்டர்

எஞ்சினுக்கே மூச்சு முட்டக்கூடாது என்று தவிக்கிறவன், கட்டிக்கொண்டவளை எவ்வளவு நன்றாக வைத்துக்கொள்வான் என்று நினைத்தாள் நுர்ஜமால்.

அவளுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்ய நாரின் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை எல்தியார், அவள் வீட்டு முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் அடியில் படுத்திருந்தான். எஞ்சினிலிருந்து எண்ணெய்ப் புகை வெளியேறும் குழாயின் வாயில், தன் வண்டிக்கென்று வாங்கிய குட்டி ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், கறி ஆறுது!" என்றாள் அவன் அம்மா.

"இரும்மா, பாவம் திணறுது. வாயில்லா ஜீவன்!" கிளிப்பை முறுக்கிவிட்டு எஞ்சினைத் தட்டிக்கொடுத்தான். "நல்லா மூச்சு விடுடா கண்ணு. இனிமே மலையெல்லாம் சுத்தலாம்."

பிறகு நுர்ஜமாலின் அப்பாவைப் பார்த்தான். "அருமையான வண்டி மாமா. எங்கெல்லாம் ஓட்டிட்டுப் போவீங்க?"

"நானா? எனக்கு ஓட்டவே தெரியாதுப்பா. அது நுர்ஜமாலோடது. மேய்ச்சல் மலைக்குப் போய் ஆடுங்களுக்கு ஊசி போட்டுட்டு வருவா."

எல்தியார் எழுந்து கையைத் துடைத்தான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வேணாம் மாமா. அவ வீட்டோட இருக்கட்டும். வண்டிய நான் பாத்துக்கறேன்."

அவன் அம்மா காதணியோடு வந்தாள். "காதைக் காட்டும்மா."

நுர்ஜமால் இரண்டு காதுகளும் மறையும்படி தலைத்துணியை மெல்ல இழுத்துக் கட்டிக்கொண்டாள்.